சும்மா போன கப்பல்

எங்கள் பக்கத்தில் கப்பலேறியவர்கள் அப்போதே நிறையப் பேர் இருந்தார்கள். மழை பொய்த்த வருசம் போனவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள், போன இடத்தில் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாதவர்கள். ஆனால் சும்மா போய்விட்டுச் சும்மா திரும்பி வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால், கப்பலில் உல்லாசமாகப் போய் வந்தவர் என்று என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். வந்தவர்கள் கடல் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். பெரிசாக இருந்தது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். மற்றதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். இத்தனை வருசம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருசம் முந்தி நடந்தது இது. நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் காடு. என் வீட்டுக்காரர் அந்த வீட்டின் இளைய பிள்ளை. காட்டையும் மாட்டையும் மூத்தவர் பார்த்துக்கொள்வார். இவருக்குப் பேப்பர் படிப்பதும் சேலத்துக்குப் போய் வருவதும் வேலை. அம்மாபேட்டையில் கைலி நெய்து பினாங்குக்கு அனுப்புகிற வியாபாரி ஒருவர் இவருக்குச் சிநேகம். நாகப்பட்டணத்தில் ஏறிப் பினாங்கு பார்த்து, சிங்கப்பூர் பார்த்து, அதே கப்பலில் திரும்பி வந்துவிடலாம், படுக்கையும் சாப்பாடும் கப்பல்காரனே கொடுப்பான், வெள்ளைக்காரர்கள் உடம்புக்கு நல்லதென்று இப்படிப் போய் வருகிறார்கள் என்று அந்த மனிதர் ஓதிவிட்டார். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமலே அதைச் சொன்னார்.

என் மாமியார் மூன்றே கேள்வி கேட்டார். அங்கே யாராவது செத்துவிட்டார்களா, ஏதாவது கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறதா, வேலை கீலை கிடைத்திருக்கிறதா. மூன்றுக்கும் இல்லை என்றார். அப்புறம் எதற்குப் போகிறாய் என்றதற்குச் சும்மா என்றார். மாமியார் கையிலிருந்த கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், நான்தான் ஏதோ சொல்லிக்கொடுத்துவிட்ட மாதிரி. எனக்கே தூக்கிவாரிப் போட்டிருந்தது. என் பையனுக்கு அப்போது மூன்று வயசு. அவனைக் கடல் மேல் கொண்டுபோகக் கூடாது, போகிறவர்கள் போய்விட்டு வாருங்கள் என்று மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார். வெள்ளாமை வீடு வந்து சேர்ந்து, தை கழிந்ததும் கிளம்பினோம். சேலத்தில் ரயில் ஏறினதிலிருந்து கரூர் வரைக்கும் பையனை நினைத்து அழுதேன். இவர் எதிரில் உட்கார்ந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பேர் படித்துக்கொண்டு வந்தார்.

நாகப்பட்டணத்தில் கடலைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். எல்லாரும் அதை அழகு என்கிறார்கள். கரையைவிட உயரமாக அத்தனை தண்ணீர் நிற்கிறது, அது ஏன் இன்னும் ஊருக்குள் வரவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அறுபது அடிக்குக் கிணறு வெட்டி, இரண்டு ஜோடி மாடு கட்டி இறைத்துப் பழகிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். அலை வந்து பாதம் நனைத்தபோது ஒரு வாய் அள்ளிக் குடித்தும் பார்த்தேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு வயலுக்குப் பாய்ச்ச முடியாது என்று தெரிந்ததும் எனக்குக் கோபமே வந்தது. கப்பலோ கரைக்கு வராதாம். அது தூரத்தில் நின்றது. படகில் ஏற்றிக்கொண்டு போய், ஆடுகிற ஏணியில் ஏறச் சொன்னார்கள். கூட்டத்தில் நகை எதற்கென்று கழுத்தில் கையில் மூக்கில் கிடந்ததையெல்லாம் அதற்கு முன்பே இவர் கழற்றி வாங்கித் தம் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். தாலிக் கயிறு மட்டும் என்னிடம் இருந்தது.

எங்களுக்கு இரண்டாம் வகுப்பு. ஒரு சின்ன அறை, அதில் சுவரோடு சுவராக ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு பலகைப் படுக்கை. நான் கீழே, அவர் மேலே என்றால் சரி. ஆனால் வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் சிப்பந்தி என்னை மேலே ஏறச் சொல்லிக் கை காட்டினான். புருசனுக்கு நேர் மேலே ஒருத்தி காலை நீட்டிப் படுத்துத் தூங்குவாளா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவருக்கு அது சிரிப்பாக இருந்தது. கக்கூஸைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை முதல் நாள் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று அவரிடம் சொன்னேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

சாப்பாடு நீள மேசையில். வெள்ளைக்காரிகள் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து, முழங்கால் தெரிய உடுத்திக்கொண்டு, பேசிக்கொண்டே தின்றார்கள். இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் முள்கரண்டியைப் பிடித்து இரண்டே நாளில் பழகிவிட்டார். தட்டில் வந்தது என்ன கறி என்று கேளுங்கள் என்று நான் சொன்னபோது, கேட்டால் அப்புறம் சாப்பிட முடியாமல் போய்விடும் என்றார். நான் கொண்டுபோன முறுக்கும் புளிச்சோறும் மூன்றாம் நாளோடு தீர்ந்தன. அதற்கும் முன்னாலேயே எனக்குத் தின்கிற யோக்கியதை போய்விட்டது. கப்பல் ஆட ஆரம்பித்ததிலிருந்து குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. அறையில் மூச்சு விட முடியாத புழுக்கம், அதில் எங்கிருந்தோ கறி வேகிற வாசம். குளிக்கக் கடல் தண்ணீரைக் கொடுத்தார்கள். சோப்பு நுரைக்கவில்லை, தலைமயிர் சடையாகிப் போனது, துவைத்துப் போட்ட சேலை அட்டையாக விறைத்துக்கொண்டது.

என் வீட்டுக்காரரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. காலையில் போனால் சாப்பாட்டுக்கு வருவார், சாப்பிட்டுப் போனால் இருட்டின பிறகு வருவார். எஞ்சின் அறையை எட்டிப் பார்த்ததும், மீன் பறந்ததும், யாரோ துரை தன் தூரக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் சொல்லுவார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில், எழுந்து நின்று சண்டை போடத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் பகலில் அறையில் கிடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இரும்புப் படி ஒன்று கீழே இறங்கியது. அங்கிருந்து, "ஏனுங்க, அந்தச் சொம்ப இங்க நவுத்துங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அதைக் கேட்டதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேட்ட இடத்துக்கு அப்படியே இறங்கிப் போய்விட்டேன்.

கீழே தளத்தில் பாயும் மூட்டையுமாக நூற்றுக்கணக்கான பேர். மலாய்த் தோட்டங்களுக்கு ரப்பர் வெட்டப் போகிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் எங்கள் ஜில்லாக்காரர்கள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி கொல்லிமலை அடிவாரத்துப் பெண், என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், புருசனும் இரண்டு பிள்ளைகளுமாகப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் நிற்க முடியாமல் அவள் பாயிலேயே விழுந்தேன். எலுமிச்சையை உப்புத் தொட்டு வாயில் வைத்தாள். நெற்றியைப் பிடித்துவிட்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பை எடுத்தவள் தயங்கினாள்.

"எங்க தண்ணிங்க சாமி" என்றாள்.

ஊரில் அவள் எங்கள் வாசலுக்கு வெளியேதான் நின்றிருப்பாள். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தேன் என்று தெரிந்தால் என் மாமியார் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார். நான் சொம்பை வாங்கி முழுசையும் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று திக்கென்றது. ஆனால் மூன்று நாளில் முதல் தடவையாக அந்தத் தண்ணீர் வயிற்றில் தங்கியது.

அதற்கப்புறம் நான் பகலெல்லாம் கீழேதான் இருந்தேன். அவர்களுக்குக் கொடுக்கிற சோற்றையும் பருப்பையும் ஒரு வாய் தின்றேன். உல்லாசம் என்று நான் எதையாவது சொல்வதானால் அந்த மூன்று நாளைத்தான் சொல்வேன். சாணி அள்ள வேண்டாம், மாவு இடிக்க வேண்டாம், ஆளுக்குச் சோறு கொண்டுபோக வேண்டாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கை இரண்டும் சும்மா இருந்தது அப்போதுதான். சாயங்காலம் வெயில் இறங்கும்போது கடல் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு, காற்றில் தலையை உலர்த்திக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். கடல் அழகுதான் என்று அங்கே உட்கார்ந்துதான் ஒப்புக்கொண்டேன். இவர் ஒரு தரம் படியின் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே போய் என்ன உட்கார்ந்துகொண்டு என்று முகத்தைச் சுளித்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வாந்தி எடுக்கிற பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைத்தது அவருக்கும் சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

ஏழாம் நாள் காலையில் கரை தெரிந்தது. அவர்களிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று நான் கீழே போன நேரம், கப்பல்காரர்கள் குழாயால் தண்ணீர் அடித்துத் தளம் கழுவினார்கள். விலகுவதற்குள் தலையோடு கால் நனைந்துவிட்டேன். குளிரில் நடுங்கினதைப் பார்த்து அந்தப் பெண் மூட்டையிலிருந்து தன் சேலையை எடுத்துக் கொடுத்தாள். சாயம் போன கெட்டிச் சேலை, முட்டிக்குக் கீழே ஒட்டுப் போட்டிருந்தது. அதை உடுத்திக்கொண்டு என்னுடையதைக் கயிற்றில் உலரப் போட்டேன். அதே சமயம் கப்பல் ஊதியது. பினாங்குக்கு எதிரே ஒரு தீவு இருக்கிறது. தளத்தில் வருகிறவர்களை அந்தத் தீவில் இறக்கி, அம்மை, பேதி ஏதாவது இருக்கிறதா என்று சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே தோட்டத்துக்கு அனுப்புவார்கள். மேல்வகுப்புக்காரர்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

படிக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். நான் ஏறப் போனேன். அங்கே நின்ற கப்பல்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, உட்கார் என்று கை காட்டினான். நான் தமிழில் சொன்னது அவனுக்குப் புரியவில்லை, அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. மறுபடி போனேன். தோளைப் பிடித்துத் திருப்பி வரிசையில் உட்கார்த்திவிட்டான். பிறந்ததிலிருந்து வேற்று ஆண் கை என்மேல் பட்டதில்லை. அடி வாங்கின மாதிரி உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அம்மை குத்தின தழும்பைப் பார்த்தார். நான் யார் என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்தது ஒரு மேசை. அதில் கரையிலிருந்து வந்த குமாஸ்தா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்தில் இந்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்த கங்காணி, இடுக்கிய குடையோடு நின்றான். அவனுடைய ஜாபிதாவில் எழுதியிருந்த பேர்களுக்கு ஒரு பெண் குறைவு. நாகப்பட்டணத்திலேயே ராசிபுரத்துப் பெண் ஒருத்தி அவனுக்குத் தப்பித்துப் போய்விட்டாள் என்று கீழே பெண்கள் ஏற்கெனவே சொல்லிச் சிரித்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஏணி, ஏணிக்குக் கீழே படகு. என் முறை வந்ததும் குமாஸ்தா பேர் கேட்டார். என் பேரைச் சொன்னேன். அவர் அதைத் தாள் ஓரத்தில் குறித்துக்கொண்டு மேலிருந்து கீழே தேடினார், இல்லை. நான் மேலே இரண்டாம் வகுப்பில் வந்தவள், என் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார் என்றேன். அவர் என் சேலையைப் பார்த்துவிட்டுக் கங்காணியைப் பார்த்தார்.

கங்காணிக்கு நான் யாரென்று தெரியும். மூன்று நாளும் பார்த்திருக்கிறான், ஒரு தரம் ஒதுங்கி வழிகூட விட்டிருக்கிறான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"நம்ம ஆளுதானுங்க. அந்தப் புள்ள பேர மாத்தி மாத்திச் சொல்லும்."

ஒரு மனிதன் பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க, ஜாபிதாவில் ஓர் ஆள் குறைகிறது என்பதற்காக இன்னொருவன் பெண்டாட்டியை எடுத்துத் தன் கணக்கில் வைத்துக்கொள்வான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கொல்லிமலைப் பெண் பின்னாலிருந்து, இல்லைங்க, அவங்க பெரிய வீட்டுக்காரங்க என்று சொன்னாள். கங்காணி அவளைத் திரும்பிப் பார்த்தான், அவள் புருசன் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டான். இனி இரண்டு வருசமோ மூன்று வருசமோ அவர்கள் அவனிடம்தான் வேலை செய்தாக வேண்டும். எனக்கு என் பையன் ஞாபகம் வந்தது. இங்கிருந்து படகில் ஏற்றிவிட்டால் எந்தக் காட்டில் எந்த மரத்தடியில் நான் நிற்பேன், அவனுக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

குமாஸ்தா கெட்டவரில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகத்தான் கேட்டார்.

"உங்கட புருசன்ட பேரைச் சொல்லுங்கோ, அம்மா. மேலே ஆளனுப்பிக் கேட்கிறன்."

இதில் என்ன கஷ்டம் என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். எங்களில் புருசன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். இது விளையாட்டு இல்லை, நாங்கள் நம்பினோம். ஊரில் யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கிற குழந்தை சொல்லும், நாத்தனார் சொல்லுவாள், எதிர்வீட்டுக்காரி சொல்லுவாள். நாம் சொல்ல வேண்டிய அவசியமே வராது. இங்கே என் பக்கத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருத்திக்கும் அவர் பேர் தெரியாது, ஏனென்றால் அவர்களிடம் நான் சொன்னதில்லை.

நான் மற்றதையெல்லாம் சொன்னேன். எங்கள் ஊரைச் சொன்னேன், காட்டில் இருக்கிற கிணறுகளைச் சொன்னேன், மாமனார் பேர் கூடச் சொல்லக் கூடாது என்பதால் அவருடைய அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று சொன்னேன். மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறார், சிவப்பாக இருப்பார், தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றேன். மேலே கோட்டுப் போட்டவர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள் என்றார் குமாஸ்தா. பேர் சொல்லத் தெரியாத புருசன் எங்கே இருக்கப் போகிறான் என்று கங்காணி சிரித்தான். படகிலிருந்து யாரோ கத்தினார்கள். குமாஸ்தா பேனாவை எடுத்தார்.

சொல்லிவிட்டேன். முதலில் குரல் வரவில்லை, இரண்டாம் தடவை உரக்கவே வந்துவிட்டது. அவர் பேரையும் அவர் அப்பா பேரையும் சேர்த்தே சொன்னேன். வரிசையில் இருந்த எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாயில் கை வைத்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு சிப்பந்தி மேலே ஓடினான். அவன் திரும்பி வருகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை. போனவன் என் வீட்டுக்காரரை உயிரோடு பார்ப்பானா, நான் சொன்ன நிமிசத்திலேயே அங்கே விழுந்திருப்பாரா என்று படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரப்பர்க் காட்டுக்குப் போனால்கூடப் பரவாயில்லை, என் வாயால் அவரைக் கொன்றுவிட்டேனே என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரும்புப் படியில் பளபளக்கிற பூட்ஸ் காலோடு இவர் இறங்கி வந்தார். மீசையில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வெடித்துவிட்டது. அவர் என்னையும் என் சேலையையும் கங்காணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேலருந்து பாத்துட்டுத்தான இருந்தேன். பாவம், இதுங்க எல்லாம் எந்த ஊரோன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தத் தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டர் என் கண்ணை விரித்ததையும், என் தோளைப் பிடித்துத் திருப்பியதையும் பார்த்திருக்கிறார். கண்டவர்களுக்காகப் பாவப்படவும் செய்திருக்கிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு சேலை மாறினதும், மூக்குத்தி கழன்றதும் ஆறு வருசப் பெண்டாட்டி யாரோ ஆகிவிட்டாள்.

குமாஸ்தா அவர் பேரைக் கேட்டு நான் சொன்னதோடு சரிபார்த்தார். சரியாக இருந்தது. இவள் யாரென்று கேட்டார். என்ர சம்சாரமுங்க என்றார் இவர். கங்காணி விடவில்லை. இதே மாதிரிப் பெண்களை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு வருகிற கோட்டுக்காரர்கள் கப்பலுக்கு ஒருவர் வருகிறார்கள், நன்றாக விசாரியுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொன்னான். அப்படியும் நடப்பது உண்டு போலிருக்கிறது. குமாஸ்தா என் பேரைக் குறித்த தாளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, உங்கள் சம்சாரத்தின் பேரைச் சொல்லுங்கள் என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"ஊட்ல சின்னவளேன்னு கூப்புடுவாங்க" என்றார்.

அது பேரில்லை என்றார் குமாஸ்தா. அப்புறம், இவள் அப்பா வீட்டில் பாப்பா என்பார்கள் என்றார். அதுவும் இல்லை. அவர் நெற்றி வேர்த்தது. பேர் எங்கேயிருந்தாவது கிடைக்குமா என்று என் கால், கை, அந்த ஒட்டுப்போட்ட சேலை எல்லாவற்றையும் பார்த்தார். அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு வைத்தது என் அப்பாவைப் பெற்ற பாட்டியுடைய பேர். தன் மாமியார் பேரைச் சொல்லி என் அம்மா என்னைக் கூப்பிட முடியாது, அதனால் பிறந்ததிலிருந்து பாப்பா. எங்களில் அப்போது கல்யாணத்துக்குக் கடுதாசி அச்சடிக்கவில்லை, வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைத்தார்கள். இந்த வீட்டுக்கு வந்தது முதல் மூத்த மருமகளுக்கு அடுத்தவள், ஆகவே சின்னவள். இவருக்கு நான் ஏ புள்ள. இவ்வளவையும் நான் பின்னால் உட்கார்ந்து யோசித்து அவருக்காகக் கண்டுபிடித்த சமாதானம். அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் எனக்கு ஒரு சமாதானமும் தோன்றவில்லை. அவர் செத்துப்போவார் என்று தெரிந்தும் அவர் பேரை அப்போதுதான் என் வாயால் சொல்லியிருந்தேன்.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"உன்ர பேரென்ன புள்ள?" என்றார்.

அவருக்குச் சொல்லாமல் இருந்தால் என்ன என்று ஒரு நிமிசம் நினைத்தேன். படகு அங்கே நின்றுகொண்டுதான் இருந்தது. அப்புறம் பையன் முகம் கண்ணில் வந்தது, சொல்லிவிட்டேன். அவர் அதை அப்படியே குமாஸ்தாவிடம் சொன்னார், நடுவில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டு.

நான் எதிரிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன், இனி யார் நம்பப் போகிறார்கள் என்று நின்றேன். கங்காணியும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தான். குமாஸ்தா சிரித்துக்கொண்டே என் பேரைத் தாளிலிருந்து அடித்தார்.

"களவாய்க் கூட்டிக்கொண்டு வந்தவனெண்டால் பேரைப் பாடமாக்கிக்கொண்டெல்லோ வந்திருப்பான். இவர் புருசன்தான், விடுங்கோ."

வரிசையில் இருந்த பெண்கள் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். கங்காணியாலும் அதற்கு மேல் ஒன்றும் பேச முடியவில்லை. படிக்குக் குறுக்கே கட்டின கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால் ஏறினேன்.